பைபாஸ்னா என்னன்னு உன் அப்பா சொன்னது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நான் சுகம். உன் அப்பாவும் சுகம்னு அவரே சொல்லிக்கிறாரு, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்னு மேலே படிச்சுத் தெரிஞ்சுக்கோ. நீயும் மருமகளும் நல்லா இருக்கணும். போன்ல பேசலாம்னா மனுஷன் காதைத் தீட்டிக்கிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறாரு, அதான் துணி துவைக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிட்டு இதை எழுதிப் போட்டோ பிடிச்சு அனுப்புறேன். உன்கிட்ட ஆஞ்சியோன்னு சொன்னாரு இல்லையா, அது முடிஞ்சு பத்து நாளாச்சுடா. அது எங்கே அடைப்புன்னு பார்க்கிற சோதனை, அவ்வளவுதான். மூணு இடத்துல அடைப்பாம், வர்ற வியாழக்கிழமை பைபாஸ். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலேர்ந்து வர மாட்டேங்குது. உன் அத்தைகிட்ட செக்கப்புன்னாரு, வேலை பார்க்கிற இடத்துல பல்வலின்னாரு, கீழ்வீட்டுக்காரர்கிட்ட அடைப்பை எடுத்துட்டு ரெண்டே நாள்ல அனுப்பிடுவாங்கன்னாரு. நீ மட்டும் என்ன லேசுப்பட்டவனா, இதெல்லாம் இப்ப சாதாரணம்மா, வீணா பயப்படாதேன்னு எனக்கே பாடம் எடுத்தியே, அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

நேத்து ஆஸ்பத்திரியில கையெழுத்து வாங்கக் கூப்பிட்டாங்க. ஆபரேஷன் பண்ணப்போற டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம், என்ன செய்யப்போறாங்கன்னு நோயாளியே தன் வாயால சொன்னாத்தான் பேனாவைக் கொடுப்பாங்களாம். முப்பது வருஷமா டிரைவிங் ஸ்கூல்ல, கிளட்ச் எதுக்குன்னு சொல்லாம சாவியைத் தொடாதேன்னு பிள்ளைங்களை அழவிட்ட மனுஷனாச்சே, நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டேன். அடைப்பை எடுப்பீங்கன்னாரு. இல்லையாம், அடைப்பு இருந்த இடத்துலயே இருக்குமாம், கால்லேர்ந்து ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேற வழி தைப்பாங்களாம். ரெண்டாம் தடவை காலைச் சொன்னாரு, நெஞ்சை விட்டுட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, என்னை முறைச்சாரு. மூணாம் தடவை, நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, ரத்தத்தை மெஷின்ல ஓடவிட்டு, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தின்னு சொன்னவரு அதுக்கு மேல வாயைத் திறக்கலை. என் சிரிப்பு போன இடம் தெரியலை. பரவாயில்லை, சொல்லுங்கன்னு டாக்டரம்மா தன்மையாத்தான் கேட்டாங்க. அதுக்கு உன் அப்பா, "அதை நிறுத்துறதுக்குள்ள என் பையன் வந்துடுவானா?"ன்னு கேட்டாரு.

அவன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கின அதே மனுஷன்டா. டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. எப்படியோ மிச்சத்தையும் சொல்லிக் கையெழுத்தைப் போட்டுட்டு, வெளியே வந்ததும் செருப்பை எங்கே வெச்சேன்னு என்னை அதட்ட ஆரம்பிச்சுட்டாரு.

ரெண்டு பேரும் நூறு வயசு நல்லா இருங்க. வேளா வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்டதும் அவருக்கே போன் பண்ணி, லீவு கிடைச்சுது, சும்மாதான் வர்றேன்னு ஒரு புளுகு விடு, இந்த வீட்டுல அது யாருக்குத்தான் வராது. புதன்கிழமைக்குள்ள வந்துடுப்பா, எனக்கும் பயமா இருக்கு.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறின உன் அம்மா