அம்மா தண்ணீர் ஊற்றிய வீடுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அலுப்பு மட்டும்தான், அதற்கு மருந்துக் கடையில் எதுவும் தருவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சுகமாக இருக்க வேண்டும். வாண்டுக்கு இருமல் நின்றதா, நிற்கவில்லை என்றால் ஐஸ் தண்ணீரை அவன் கைக்கு எட்டாமல் வை. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், சொல்ல வந்ததோ அவளைப் பற்றியது. அவள் துணி துவைக்கப் போகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்.

நீ பார்த்த குடியிருப்பு இல்லை இது. நீ சைக்கிள் பழகிய தெருவில் தார் வெடித்துவிட்டது, வெடிப்பில் புல், புல்லுக்கு நடுவில் முள்செடி. பந்து விளையாடிய மைதானத்தில் இடுப்பளவு புதர். ஆலைக் கூரையின் தகடுகள் போன வருஷக் காற்றில் பறந்துவிட்டன, இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போன குழிகளில் மழைத் தண்ணீர் நின்று தவளை கத்துகிறது. காலை ஷிப்டுக்கு வருகிற மாதிரி நாரைகள் வரிசையாக வந்து இறங்குகின்றன. அதைப் பார்த்து அம்மா, "ஆலையை மூடியாச்சுன்னு இவங்களுக்கு யாரும் சொல்லலியா" என்று ஒருநாள் கேட்டாள். இப்போது விளக்கு எரிவது நம் வீட்டிலும், கடைசி வரிசையில் கம்பவுண்டர் வீட்டிலும்தான். மற்ற வீடுகளின் பின்சுவர்களில் அத்திக் கன்று முளைத்து, கன்று மரமாகி, மரம் சன்ஷேடின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

ஆலை மூடியபோது வீடுகளை அவரவர் பெயருக்கே எழுதிக் கொடுத்தார்களே, அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பும்போது எல்லாரும் அம்மாவிடம்தான் வந்தார்கள். "ரெண்டு மாசத்துல வந்துடுவோம்க்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவும் வாங்கி வைத்துக்கொள்வாள். வாங்கினதோடு நின்றால் பரவாயில்லை. சனிக்கிழமை ஆனால் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பமும் வாளியுமாகப் புறப்பட்டுவிடுவாள். ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுவது, பெருக்குவது, பிறகு குளியலறைத் துவாரத்திலும் கழிப்பறையிலும் தண்ணீர் ஊற்றுவது. அங்கே குழாய் வளைவில் தண்ணீர் நிற்காமல் காய்ந்துபோனால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே ஏறிவிடும், அவள் சொல்வது சரிதான். குழாயில் தண்ணீர் வருவது நின்ற பிறகு நம் கிணற்றிலிருந்து சுமந்தாள். முழங்காலில் வீக்கத்தோடு சுமந்தாள். நான் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தேன். "கை நீட்டி வாங்கிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சும்மா இருக்கிறது" என்பாள். வாண்டு பிறந்ததிலிருந்து நீ எங்களைக் கூப்பிடுகிறாய், ஏதோ சாக்குச் சொல்லி அவள் தட்டிக்கழிக்கிறாள் என்று உனக்கு வருத்தம் இருக்கும். சாக்கு இல்லையம்மா, இந்தச் சாவிகள்தான்.

இந்த வீடுகளில் தரை விரிவதைப் பழைய சிமெண்ட் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். போன மாதம் ஃபிட்டர் வீட்டுக் குளியலறைக் கதவு திறக்கவில்லை. நானும் கம்பவுண்டரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். உள்ளே தரை மேடாக எழும்பி, சிமெண்ட் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே குழாய் முழுக்க வேர், சிக்குப் பிடித்த தலைமுடியைத் திணித்து வைத்த மாதிரி. வெளியே அத்தி. அடுத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும். அம்மாவிடம் சாவி இருந்த எந்த வீடும் தப்பவில்லை. டைம் கீப்பர் யாரையும் நம்பாத மனிதர், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார், ஞாபகம் இருக்கிறதா? அவர் வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தூசி, எலிப்புழுக்கை, ஒட்டடை. தரை மட்டும் போட்டது போட்டபடி பலகை மாதிரி இருக்கிறது. இந்த மாதம்தான் மழை பெய்தது, அதற்கு முன் இரண்டு வருஷமாக மழை சரியில்லை, இந்த மண்ணில் ஈரம் என்று இருந்தது அம்மா ஊற்றிய தண்ணீர் மட்டும்தான். வேர் அதைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. கம்பவுண்டருக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது, "வாரம் தவறாம மரத்துக்கெல்லாம் விருந்து வச்சிருக்கீங்கக்கா" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அப்ப நான்தாங்க கெடுத்திருக்கேன்" என்றாள். நான் சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை. எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முதலில் ஃபிட்டர் மனைவியைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். அம்மா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண், "எந்த வீடுக்கா?" என்றாள். பிறகு, "அய்யய்யோ, அதையா இன்னும் பாத்துக்கிட்டிருக்கீங்க? நாங்க இங்கேயே கட்டிக் குடிவந்தாச்சேக்கா. அது கிடந்துட்டுப் போகுது, உங்க மூட்டுவலி எப்படி இருக்கு?" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். மற்றவர்களும் அப்படித்தான், ஒருத்தர் உன்னை விசாரித்தார், ஒருத்தருக்கு அம்மாவை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று, ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. போனை வைத்ததும், "ஒருத்தியாவது என்னைத் திட்டியிருக்கலாம்ல" என்றாள். காபி போடட்டுமா என்று கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வாளியை எடுக்கவில்லை. சாயங்காலம் வெறுங்கையோடு கிளம்பினாள், நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வீடாகக் கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்தாள். திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு, சாவியை அந்தந்தக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தாள். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. திரும்பும் வழியில் கால் வலிக்கிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயால் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது ஃபிட்டர் வீட்டுக்குள் ஒரு ஆந்தை போய் வருகிறது, கொடி ஒன்று சமையலறை ஜன்னலில் தலையை நீட்டிவிட்டது. அம்மா அந்தப் பக்கம் போவதில்லை.

இனிமேல்தான் விஷயம். நேற்று பாத்திரம் துலக்கிக்கொண்டே உன்னைப் பற்றி, "அவ வீட்டு பாத்ரூம் தரை வழுக்குமா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவளை உனக்கும் தெரியும், இதற்கு மேல் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. "உழைச்சது போதும், இங்க வந்து சும்மா உக்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே, பிரியமாகத்தான் சொல்வாய், ஆனால் அதைக் கேட்டால் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்பாள். வாண்டை வைத்துக்கொண்டு வேலைக்கும் போக முடியவில்லை, தனியாகச் சமாளிக்க முடியவில்லை, நீ வந்தால்தான் ஆகும் என்று சொல். சொன்னால் பொய்யும் இல்லையே. வந்த பிறகு உன் வீட்டில் நூறு குறை கண்டுபிடிப்பாள், மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வை.

குழந்தையோடு மூவரும் நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு இருக்க எங்கள் ஆசிகள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஃபிட்டர் வீட்டுப் பேச்சை எடுக்காதே. நீ கூப்பிட்டால் அந்த வாரமே கிளம்பிவிடலாம், பூட்டிக்கொண்டு வர இங்கே எங்களுக்கு ஒன்றும் இல்லை.

உன் பிரியமுள்ள,
அப்பா