வடிகட்டினால் எது மிஞ்சும்?

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து ஒரே காற்று. காயப்போட்ட துணி பாதி பக்கத்து வயலில்.

பள்ளியில் மானம் போனது. பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுத ஒரு கணினி மொழி. கைபேசியில் ஓடும் வடிவம் நான் எழுதியது. லேப் கணினியில் ஓடுவது திருவாரூர் செல்வம் சார் எழுதியது. ஒன்பதாம் வகுப்பு கவிதா, முப்பத்தைந்து மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கியவர்களை 'வடிகட்டு' என்று எழுதினாள். கைபேசியில் பாஸானவர்கள் வந்தார்கள். கணினியில் அதே நிரல், ஃபெயிலானவர்கள்!

"மிஸ், நான் பாஸா ஃபெயிலா?"

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "திங்கக்கிழமையும் ரெண்டு பதில் வந்துச்சுன்னா இந்தத் தமிழ் கம்ப்யூட்டர் கிளாஸ நிறுத்திடலாம்மா."

இரண்டு வருட உழைப்பு.

மாலை செல்வம் சாருக்கு போன். இதுவரை நேரில் பார்த்ததில்லை.

"கஞ்சிய வடிங்கன்னா கஞ்சி வெளிய போவுதா இல்லியா? சொன்னது வெளிய போவணும் மேடம்."

"காபிய வடிகட்டுனா எதைக் குடிப்பீங்க சார்? சக்கையையா?"

ஞாயிறு மதியம் நேரில் வருகிறாராம். சண்டைக்கா சாப்பாட்டுக்கா, தெரியவில்லை.

ஜூலை 19, சனி

வாங்க: வாழைக்காய், அப்பளம், நல்ல காபித்தூள் (விட்டுக்கொடுக்க மாட்டேன்).

வேறு பெயர் தேடினேன். பொறுக்கு? கல் பொறுக்கினால் கல் குப்பைக்கு. கதிர் பொறுக்கினால் கதிர் வீட்டுக்கு. போச்சு. சலி? எனக்கே சலித்துவிட்டது. எடு? அதுவும் இரண்டு பக்கமும் பேசும்.

ரவி: "பேசாம இங்கிலீஷ்லயே வெச்சுடேன்."

கட்டிய கணவருக்கு இன்று காபி கிடையாது.

ஜூலை 20, ஞாயிறு

வந்தார். நினைத்ததைவிடக் குட்டை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சாம்பார் முடியும்வரை சண்டை.

"மொழிய முதல்ல பண்ணது நான் மேடம்."

"புள்ளைங்க கையில இருக்கறது என்னோடது சார்."

ரசம் ஊற்றும்போது யதேச்சையாகச் சொன்னேன். "கறிவேப்பிலைய எடுத்துடுங்க சார். அப்பளம் எடுத்துக்குங்க."

அப்பளத்துக்குப் போன கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க!"

சொன்னேன். எனக்கும் உறைத்தது. அதே எடு. 'விடு' சேர்ந்தால் போய்விடும், 'கொள்' சேர்ந்தால் நம்மிடம் இருக்கும். இரண்டு பேரும் ஒரேயடியாகச் சிரித்ததில் ரவி பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

"எடுத்துக்கொள், எடுத்துவிடு. வடிகட்டு ரெண்டுலயும் கிடையாது. சம்மதமா சார்?"

"முழு சம்மதம். மோர் ஊத்துங்க."

சாப்பிட்ட கையோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றினோம். சந்தோஷத்தில் அவர் காபிக்குச் சர்க்கரை போட மறந்தேன். குடித்துவிட்டார், பாவம்.

ஜூலை 21, திங்கள்

மூட்டம். மழை இல்லை.

தலைமையாசிரியை பின்னால் நின்று பார்த்தார். 'எடுத்துக்கொள்.' கைபேசி, கணினி, இரண்டிலும் அதே பெயர்கள். கவிதா இரண்டிலும் பாஸ். கைதட்டல்.

"நடத்தும்மா" என்று போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் கவிதா தானாக ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள். வாரத்தின் ஏழு கிழமைகள். எடுத்துவிடு: திங்கள்.

ஓடியது. இரண்டிலும்.