மூணாம் செட்டும் நாலாம் செட்டும்

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மைசூர் முழுக்கத் தூறல். துணி காயல. நாளைக்குப் பாலாத்தங்கரைக் காட்டுல செட் டெஸ்ட். எடுத்து வைக்க: செட் ஆறு, சார்ஜர், குடை, எலுமிச்சம்பழம், கற்பூரம்.

வாக்கி-டாக்கி மாதிரிதான் இருக்கும் எங்க செட். காட்டுக் காவலர்களுக்காகச் செஞ்சது. உள்ள ஓடற புரோகிராம் நான் எழுதினது. டவர் வேண்டாம், ஒண்ணோட ஒண்ணு நேரா பேசிக்கும். ஜன்னல் பக்கம் உக்காந்து வெளிய பாத்துட்டே இருந்தேன். வெறும் காத்து. இதுக்குள்ள எத்தனை பேர் குரல் இப்ப போய்ட்டிருக்கோ. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது.

அக்டோபர் 13, திங்கள்

ஆறு மணிக்கு வேன். பக்கத்துல லதா. ஹனூர்ப் பொண்ணு, செட்டுக்கெல்லாம் ஆன்டெனா சோல்டரிங் பண்றவ. அவ கான்ட்ராக்ட் இந்த வெள்ளியோட முடியுது. நீட்டிப்பாரா இல்லையான்னு சார் வியாழக்கிழமை சொல்லணும். கொள்ளேகால் வந்ததும் என்கிட்ட கேட்டா.

"ஏனுங்க்கா, டவரே இல்லீன்னா யாரு எப்பப் பேசறதுன்னு யாருங்க சொல்லுவாங்க?"

கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டைக் காட்டினேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, காலி சீட்டுல துண்டு போடறாங்கல்ல, அதேதான். செட் முதல்ல கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேக்கும். ஒவ்வொரு நொடியையும் துண்டு துண்டாப் பிரிச்சு, எந்தெந்தத் துண்டுல யாரும் பேசலன்னு பாத்து, அதுல ஒண்ணைக் குருட்டாம்போக்கா பிடிச்சுக்கும். சிரிச்சா. அப்புறம் ரெண்டு பேரும் தூங்கிட்டோம்.

ஹனூர் தாண்டினா ஒரே பனி. மரமெல்லாம் பாதிதான் தெரியுது. போன்ல சிக்னல் ஒவ்வொரு கோடா போய், ஒண்ணுமே இல்லாம ஆச்சு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஊர் உலகமே கைய விட்ட மாதிரி ஒரு லேசு.

ஒன்பதே முக்காலுக்கு நல்ல நேரம், நான்தான் பாத்து வெச்சது. வண்டிச் சக்கரத்துல எலுமிச்சம்பழம், செட்டுக்கெல்லாம் குங்குமம். சார் வாட்சைப் பாத்துட்டே நின்னார். மூணாம் செட் வலது கைல, நாலாம் செட் இடது கைல, சாமி கும்பிட்டு ரெண்டையும் சேர்த்து ஆன் பண்ணேன். மத்த நாலையும் டீம்ல வந்தவங்க ஒவ்வொண்ணா ஆன் பண்ணாங்க.

நாள் பூரா மூணு பேசினது நாலுக்குக் கேக்கல, நாலு பேசினது மூணுக்குக் கேக்கல. நடுவுல நின்னவங்களுக்கு ரெண்டும் கரகரன்னு. மத்தது எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு.

சார் கன்னடத்துல சொன்னார், சோல்டரிங் சரியில்லை, கைவேலை மோசம்னு. லதா தலையே நிமிரல. ஆத்தோரமாப் போய் நின்னுட்டா.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபீஸ் மேஜை மேல ஒவ்வொண்ணா ஆன் பண்ணினா ஆறும் நல்லாப் பேசுது. மூணும் நாலும் கூட. லதா அந்த ரெண்டையும் கழட்டி மறுபடி ஒட்டினா. மறுபடி கழட்டினா.

மத்தியானம் தயிர்சாதம், அரைத் தூக்கம். கண்ணை மூடினா என் ரெண்டு கை தெரியுது, குங்குமம் ஒட்டின கட்டைவிரல் ரெண்டும். திடுக்குன்னு எந்திரிச்சேன்.

எந்தச் சீட்டுன்னு குருட்டாம்போக்கு நம்பர் எடுக்க, ஆன் பண்ற நொடியை வெச்சுத்தான் நான் எழுதியிருந்தேன். ஒரே நொடில ரெண்டு ஆன் ஆனா ரெண்டுக்கும் ஒரே எண்ணு, ஒரே சீட்டு. பேசும்போது செட்டுக்குக் காது கிடையாது. சேர்ந்தே பேசுது, அதனால ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது. சீட்டு மாத்தினாலும் சேர்ந்தேதான் மாத்தும்.

ரெண்டையும் சேர்த்து ஆன் பண்ணிப் பாத்தேன். அதேதான். மேஜை மேல ஒரு சாண் இடைவெளி, ரெண்டும் அதுங்க பாட்டுக்கு யாருமில்லாத காட்டுல பேசிட்டிருக்கு. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். அழகா இருந்துச்சு, சொல்லப்போனா.

தப்பு என்னோடது. சார் போன்ல இருந்தார். நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 15, புதன்

புரோகிராமைத் திருத்தியாச்சு. ஆன் பண்ற நொடியோட அந்தந்த செட்டோட சொந்த நம்பரையும் சேர்த்தேன். ரெண்டு வரிதான். எத்தனை தடவை சேர்த்து ஆன் பண்ணினாலும் பேசுது.

டீ நேரத்துல என்னாச்சுன்னு சார் கேட்டார். "இன்னும் பாத்துட்டிருக்கேன் சார்"னு சொல்லிட்டேன். இந்தப் பொண்ணு எழுதினா தப்பே வராதுன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்ற மனுஷன். அந்தப் பேரு மேல எனக்கு இவ்வளவு ஆசையா? வெக்கமா இருக்கு.

சாயங்காலம் லதா சார் ரூமுக்குள்ள போய்ட்டு வந்தா. என்னைப் பாக்கல. மாடில சம்பங்கி வாசனை, எங்கிருந்துன்னு தெரியல. வாங்க: பருப்பு, சோப்பு.

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டுடுச்சு. போனதும் சார்கிட்டச் சொன்னேன். நொடி, பூஜை, ரெண்டு கை, எல்லாம். செவ்வாய்க்கிழமையே தெரியும்ங்கறதையும்.

அவர் திட்டல. டிராயரைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார். லதா கையெழுத்து, கன்னடத்துல. சோல்டரிங்ல தப்புப் பண்ணது நான்தான், மன்னிச்சுடுங்க, வேலைல வெச்சுக்கோங்க.

"ஒப்புக்கிட்டாளேன்னு ஆறு மாசம் நீட்டலாம்னு இருந்தேன். இப்போ ஒரு வருஷமாப் போட்டுடறேன். இந்த லெட்டரை நீயே கொண்டுபோய்க் குடம்மா"ன்னார்.

சோல்டரிங் மேஜைல இருந்தா லதா. தப்பு என்னோடதுன்னு சொன்னேன். கான்ட்ராக்ட் சேதியையும் சொன்னேன். பேப்பரை வாங்கி நாலா மடிச்சா.

"உங்களுக்கு எப்பங்க்கா தெரிஞ்சுது?"

"செவ்வாய் மத்தியானம்."

"நான் இதை எழுதுனது புதங்கெழமைங்க."

அடுத்த செட்டை எடுத்துக்கிட்டா.