கைப்பிடிக்கு மாட்டிய ஹீட்டர்

அன்புள்ள ரன்வைக்,

பைக் கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வாரண்டி கிடையாதாம். பெரிய மனது பண்ணி வயரிங்கை இலவசமாக மாற்றித் தருவார்களாம்.

"ஹெட்லைட் வயர்லேர்ந்து கரண்ட் எடுத்து, கைப்பிடிக்கு ஹீட்டர் மாட்டினது நீங்கதானே?" என்றான் மெக்கானிக்.

"வயர் கருகினது அதனாலயா, இல்லையா? எழுதிக் குடுய்யா!" என்று கத்தினேன்.

"அதெல்லாம் எழுத மாட்டாங்க. சரிபண்ணி எடுத்துட்டுப் போய் ஓட்டுங்க."

யார் ஓட்டுவது?

ஃபியோர்டுக் கடலோரத்து இருட்டுச் சுரங்கச் சாலையில் அன்று நம் பையன் ஓட்டிப் போகும்போது ஹெட்லைட் அணைந்தது என்னால் இல்லை என்று ஒரே ஒரு வரி வாங்கி, உன் அக்கா வீட்டுக்கு அனுப்ப நினைத்தேன். அதைப் படித்தாலாவது நீ திரும்பி வருவாய் என்று.

கிடைக்கவில்லை.

ஈஸ்டருக்கு மலைவீட்டுக்குப் போனபோதே, "கை விறைக்குதுப்பா" என்றான் ஐவிண்ட். தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இன்னமும்,
உன் கணவன்