மோர் கேட்ட அரசி அக்காவுக்கு

என் அன்புக்கும் சில்லறைக் கோபங்களுக்கும் உரிய அரசி அக்கா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு பனிக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. மார்க்கம் றோட்டு ஓரத்தில் குவித்து வைத்த அழுக்குப் பனியெல்லாம் கரைந்து ஓடுகிறது. உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாத விஷயம் ஒன்று வந்திருக்கிறது. டெலிபோன் எடுத்தால் இன்னும் கை உங்கள் நம்பருக்குத்தான் போகிறது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிஷப் என்னைக் கூப்பிட்டார். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் மோர்மன் சபையில் பிஷப் என்றால் அங்கி போட்ட குருவானவர் இல்லை. கிழமை நாட்களில் வீடுவீடாகத் தண்ணீர்க் குழாய் திருத்துகிற மனிதர். உங்கள் இடத்துக்கு, தமிழ்ப் பெண்களின் தலைவியாக, என்னை நினைத்திருக்கிறாராம். வருகிற ஞாயிறு பதில் சொல்ல வேண்டும்.

நான் பயந்துவிட்டேன். வேலைக்குப் பயமில்லை, அக்கா. பெண்கள் சங்கத்தின் வரவு செலவை எழுதி வைக்கிறவளே நான்தான், ஒரு சதம் பிசகாது. பயம் சனத்துக்குத்தான். என்னைப் பெற்ற ஐயா ஊரில் சலவைத் தொழிலாளி. அது இங்கே எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். மாதா மாதம் வீடு பார்க்கப் போகிற தலைவியாக நான் போய் நின்றால் எந்தக் கதவு திறக்கும்? மில்லிக்கனில் இருக்கிற எங்கள் சங்கத்துப் பரமேஸ், நீங்கள் போன பிறகு எனக்குக் கதவு திறப்பதில்லை. கார் வாசலில் நிற்கிறது, ரிவி சத்தம் வெளியே கேட்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

இதைப் பிஷப்புக்கு என் இங்கிலீசில் விளங்கப்படுத்தப் பார்த்தேன். "சில தமிழ் வீடுகளில் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார்கள்" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனால் சகோதரி, நாங்கள் ஒருவருமே தேத்தண்ணி குடிப்பதில்லையே!" என்றார். தேயிலையும் கோப்பியும் சபையில் விலக்கு என்பது அந்த நேரத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் நினைப்புத்தான்.

நீங்கள் இந்தச் சபைக்கு வந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? தபாலதிபராக இருந்த அத்தான் மாரடைப்பில் போய், நீங்கள் தனியாக ஸ்காபரோவுக்கு வந்து, வோபர்னில் உங்கள் அண்ணையின் பேஸ்மெண்டில் இருந்த முதல் பனிக்காலம். கதவில் தட்டுகிறார்கள். வெள்ளைச் சேர்ட், கறுத்த ரை, நெஞ்சில் பெயர்த் தகடு, இரண்டு வெள்ளைக்காரப் பெடியள். இமிகிறேசன்காரர் என்று நினைத்து பாஸ்போட், அத்தானின் மரணச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம் வரைக்கும் மேசையில் பரப்பி வைத்துவிட்டீர்கள். ஒருவன் தமிழ் உறுதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு பார்த்தானாம்.

"பாவம், அவங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. வாசல் பனியைத் தள்ளட்டோ எண்டு கேட்டாங்கள். தள்ளிப்போட்டுப் போட்டாங்கள். அண்டைக்கு ஆண்டவரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அதாலைதான் அடுத்த முறை கதவு திறந்தனான்" என்பீர்கள்.

எங்கள் ஆட்களில் இந்தச் சபைக்குள் முதலில் காலெடுத்து வைத்த பெண் நீங்கள். உங்களைத் தலைவியாக்கியபோது நீங்களும் மாட்டேன் என்றுதான் சொன்னீர்களாம். தாலி இல்லாத மனிசியை முன்னுக்கு நிறுத்தினால் எந்தத் தமிழ்ப் பெண் பின்னால் வருவாள் என்று கேட்டீர்களாம். பிறகு எப்படி ஓம் என்றீர்கள்? அதை மட்டும் நான் கேட்டு வைக்கவில்லை.

உங்கள் முதல் வேலையே பிழையாய்ப் போனது. சபைப் பெண்கள் சங்கத்தின் இங்கிலீஷ் பெயரை அகராதி பார்த்துத் தமிழாக்கி, மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினீர்கள்: "நிவாரணச் சங்கம். ஞாயிறு மாலை. எல்லோரும் வரலாம்." எங்களுக்கு நிவாரணம் என்றால் அரிசி, மா, சீனி. சங்கம் என்றால் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை. இரண்டும் சேர்ந்தால் வேறென்ன? அவ்வளவு பேரும் பையோடு வந்து வரிசையில் நின்றோம். நானும் நின்றேன். முன்னால் நின்ற அம்மா ஒருவர், "பிள்ளை, மண்ணெண்ணெயும் குடுப்பினமோ?" என்று கேட்டா.

நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் திகைத்துப்போய் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னீர்கள்: "என்னட்டைக் குடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அடுத்த கிழமை இதே பையுக்குள்ளை பழைய சீலை கொண்டு வாங்கோ. ஆஸ்பத்திரியிலை பிறக்கிற பிள்ளையளுக்குப் போர்வை தைக்கப் போறம்."

"நாங்களே அகதி. நாங்கள் ஆருக்குக் குடுக்கிறது?" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஏன், அகதி எண்டால் கை வழங்காதோ?"

பாதிப் பேர் ஏசிக்கொண்டு போனார்கள். மற்றப் பாதி அடுத்த கிழமை சீலையோடு வந்தது. எல்லாம் உடுத்துத் தேய்ந்து மெத்தென்று ஆன நூல் சீலைகள். வெள்ளைக்காரச் சகோதரிகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

பிறகு என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் பால் தேத்தண்ணி போட்டு, விருந்தாளிக்கென்று வைத்திருந்த கோப்பையில் கொண்டுவந்து நீட்டினேன். நீங்கள் கையைப் பின்னால் இழுத்தீர்கள்.

"வேண்டாம் பிள்ளை. நான் குடிக்கிறேல்லை."

அக்கா, இந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் வெள்ளைத் துணி கட்ட ஐயாவைக் கூப்பிட வருகிறவர்கள் முற்றத்தில் நின்றபடியே சொல்கிற வசனம். இவ்வளவு கடல் தாண்டி, பத்தாம் மாடிக்கும் லிஃப்ட் ஏறி அது வந்துவிட்டதே என்று நினைத்தேன். தேத்தண்ணியைச் சிங்கில் ஊற்றிவிட்டு, "பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வாற நேரம்" என்று கதவைத் திறந்து பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மணி அடித்தது. மூச்சு வாங்க வாங்க நீங்கள்தான்.

"நேசம், பஸ் ஸ்ரொப்பிலை நிக்கேக்கதான் எனக்கு மூளையிலை பட்டது. தேத்தண்ணி எங்கட வேதத்திலை விலக்கு. அதுதான் வேண்டாமெண்டனான். நீர் வேறை மாதிரி நினைச்சிட்டீர், என்ன?" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் போனீர்கள். கேளாமல் ஃபிரிட்ஜைத் திறந்தீர்கள். "தயிர் கிடக்குத்தானே? மோர்மன்காரிக்கு மோர் தாருமன்."

பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் வெட்டிப் போட்டு, உப்பிட்டுக் கலக்கி, எங்கள் வீட்டுச் செம்பிலேயே தந்தேன். அண்ணாந்து மடமடவென்று குடித்தீர்கள். செம்பைத் திரும்ப நீட்டினீர்கள். "இன்னும் கொஞ்சம் விடும். உப்புத்தான் காணாது."

அந்தக் கதை பரவித்தானே ஸ்காபரோ முழுக்க எங்களுக்கு "மோர்க்காரர்" என்று பட்டம் வந்தது? நீங்கள் கோபிக்கவே இல்லை. பலசரக்குக் கடையில் ஒரு மனிசன், "அன்ரி, உங்கட வேதத்திலை ஒராள் கனபேரைக் கட்டலாமாமே?" என்று நக்கலடித்தபோதும், "அது அந்தக் காலம், தம்பி. எனக்கு வாய்ச்ச ஒண்டே தங்கேல்லை, நீர் கனபேரைப் பற்றிக் கதைக்கிறீர்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை முறித்துப் பார்த்தீர்கள்.

மாதத்து முதல் ஞாயிறு உபவாசம் என்று பிஷப் அறிவித்த அன்று, எங்கள் பெண்கள் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் அப்பளமும் கட்டிக்கொண்டு வந்து நின்றதை மறக்க முடியுமா? "விரதம் எண்டால் மரக்கறிதானே, அக்கா?" பிஷப்புக்கு நீங்கள் என்ன சமாதானம் சொன்னீர்களோ தெரியாது. பொழுதுபட்ட பிறகு அவரும் இருந்து இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

உங்கள் பிரசங்கம் எனக்கு அவ்வளவு பிடிக்காது, அக்கா. நீட்டுவீர்கள். பாட்டிலும் சுதி நிற்காது. ஆனால் பஸ்ஸிலும் நடையிலும் வீடுவீடாகத் திரிந்த அந்தக் கால்களைப் பார்த்துத்தான் நான் ஞானஸ்நானத் தண்ணீருக்குள் இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீங்கள் கேட்ட உதவி என்னைச் சுட்டது. மோர்மன் கோயிலுக்குப் போய் உடன்படிக்கை செய்த பெண் இறந்தால், சங்கத்துப் பெண்களே வெள்ளை உடுத்தி அனுப்புவது எங்கள் சபை வழக்கம். "எனக்கு நீர்தான் உடுத்திவிட வேணும்" என்றீர்கள்.

"இங்கையும் வெள்ளை என்ர கையிலைதானோ, அக்கா?" வாயை மூடிக்கொள்ள முடியவில்லை எனக்கு.

நீங்கள் கண்ணை மூடியபடியே சொன்னீர்கள்: "ஊரிலை உன்ர ஐயாவைக் கூப்பிட்டவை வேலைக்குக் கூப்பிட்டவை. நான் உன்னைச் சொந்தத்துக்குக் கூப்பிடுறன். எனக்குப் பிள்ளையும் இல்லை, கூடப் பிறந்த பொம்பிளைச் சகோதரமும் இல்லை. செத்தால் என்ர உடம்பை ஆர் தொடுறது?"

அத்தனை காலமும் "நீர்" என்று கூப்பிட்ட நீங்கள் அன்றைக்குத்தான் "நீ" என்றீர்கள். நான் உடுத்திவிட்டேன். கைப் பொத்தானைப் பூட்டும்போது உங்கள் மணிக்கட்டு பிள்ளையின் கை மாதிரி இருந்தது. பரமேஸ் கோட்டைக் கழற்றாமல் வெளியே நடையில் நின்றாள், உள்ளே வரவில்லை. தொடக்கு, தீட்டுப் பார்க்கிறாளாக்கும், இல்லாவிட்டால் என்னைப் பார்க்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

முந்தநாள் மில்லிக்கனுக்குப் போனேன். பிஷப்புக்குப் பதில் சொல்ல முதல் அந்தக் கதவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மணி அடித்தேன். வழமைபோலத் திறக்கவில்லை. "பரமேஸ், ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தனான். கேட்டிட்டுப் போயிடுவன்" என்று கதவுக்கே சொன்னேன். திறந்தாள்.

"வாங்கோ, சிஸ்டர்." அவளுக்கு "சிஸ்டர்" என்ற இங்கிலீஷ் சொல் வசதி. என்னை அக்கா என்றும் சொல்லத் தேவையில்லை, பெயர் சொல்லவும் தேவையில்லை.

"அக்கான்ர இடத்துக்குப் பிஷப் என்னைக் கேட்டவர். நான் ஓம் எண்டால் நீங்கள் வருவியளோ?"

"எனக்கென்ன, சிஸ்டர்? நான் உதுகள் பாக்கிறேல்லை. மாமிதான் பழைய ஆள்."

"மாமி கொழும்பிலை எல்லோ இருக்கிறா?"

"ரெலிபோனிலை கேப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் உதடு ஆடியது. அடுத்த நிமிஷம் பார்த்தால் அழுகிறாள். "அக்கா என்னைக் கேக்கேல்லை, சிஸ்டர். நானும் அவவும் ஒரு ஊர், ஒரே ஒழுங்கை. கடைசியாய் உடுத்திவிட எனக்குக் கை இல்லையோ?"

நடையில் கோட்டோடு நின்றது இதற்காகத்தானா? நீங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும், அக்கா. இதில் எனக்கு உங்கள்மேல் மனத்தாங்கல்தான்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சிங்கருகில் கண்ணாடிக் கிளாஸ்கள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அவள் மேல் அலுமாரியைத் திறந்து, புதுப் பொதியைக் கிழித்து, எறிகிற காகிதக் கப் ஒன்றில் கொண்டுவந்தாள். ஊரில் எங்களுக்குச் சிரட்டை, இங்கே இது. நான் கண்டேன். கண்டதை அவளும் கண்டாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"கப்பை எறியாதேங்கோ, பரமேஸ். அடுத்த மாதமும் வருவன். ஏன் வீண்செலவு?"

அவள் முகம் சிவந்துபோனது. கப்பை என் கையிலிருந்து வாங்கினாள். கசக்கிக் குப்பைக்குள் போட்டாள். "அடுத்த மாதத்தை அடுத்த மாதம் பாப்பம்" என்றாள். நான் சப்பாத்துப் போட்டு முடியும்வரை பக்கத்தில் நின்றாள். "மழை வரப்போகுது. குடை கிடக்கோ?" என்று கேட்டாள்.

அடுத்த முறை கிளாஸோ, காகிதக் கப்போ, எனக்குத் தெரியாது. கதவு திறக்கும், அது தெரியும். எனக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை பிஷப்புக்கு ஓம் என்று சொல்லப் போகிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். இனி எங்களில் ஒருத்தி போகிற நாளில், அவளுக்கு வெள்ளை உடுத்த வேண்டிய நேரம் வந்தால், நான் முதலில் தட்டுவது பரமேஸின் கதவைத்தான். நீங்கள் அவளைக் கேட்காமல் போனீர்கள், அக்கா. நான் கேட்பேன். அவள் ஒரு பக்கக் கைப் பொத்தானைப் பூட்டட்டும், மற்றப் பக்கத்தை நான் பூட்டுகிறேன்.

நீங்கள் சொந்தத்துக்குக் கூப்பிட்ட
உங்கள் தங்கச்சி,
நேசம்