நடக்காத சரிவும் எழுதாமல் விட்ட வரியும்

அனுப்புநர்:
சு. நீரஜா,
முதுநிலைத் தரவுத் தொகுப்பாளர்,
12/7, நாட்டு சுப்பராயன் தெரு,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
எரிசக்தித் தரவுத் தொகுப்பு மையம்,
அடையாறு, சென்னை – 600 020.

பொருள்: நாட்டின் ஐம்பதாண்டு எரிசக்தி உமிழ்வு அறிக்கையில் 1990-ஆம் ஆண்டுக்குக் காட்டப்படும் சரிவு பொய்யானது – அதைச் சுட்டிக்காட்டிய ஒப்பந்த உதவியாளர் திரு. தௌசீஃப் அவர்களின் பணிநீக்கத்தை நிறுத்தக் கோருதல் – பிழைக்குக் காரணமானவர் மீது புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: விசாரணைக் குறிப்பு, நாள் 29.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

திரு. தௌசீஃப் வருகிற வெள்ளிக்கிழமை மாலையோடு வேலை இழக்கிறார். அடுத்த திங்களன்று அறிக்கை வெளியாகிறது. ஆகவே இம்மனுவை இன்றே படிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

1. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரித்ததில் 1970 முதல் நாட்டில் வெளியான கரியமில வாயுவின் அளவை ஆண்டுவாரியாகத் தொகுப்பது எங்கள் பிரிவின் பணி. 1989 வரையிலான எண்கள் கையால் எழுதிய பழைய ஏடுகளில் உள்ளன. அவற்றில் இருப்பது கார்பனின் எடை மட்டுமே. அதைக் கரியமில வாயுவின் எடையாக மாற்ற, ஒவ்வோர் எண்ணையும் 3.67-ஆல் பெருக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் பெருக்க வேண்டும்.

2. யார், எந்த நாளில், எந்த வேலையை முடித்தார் என்று எழுதிக் கையெழுத்திட எங்களிடம் பணிப்பதிவேடு உண்டு. ‘பதிவேட்டில் இல்லாதது நடக்காதது’ என்பது பிரிவின் விதி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைக் கொண்டுவந்தவள் நான். மீறியவர்களை நான் படுத்திய பாட்டைத் தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

3. கடந்த 30.09.2025 பிற்பகல் அலுவலகத்தில் ஆயுத பூஜை நடந்தது. பணிப்பதிவேட்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினோம். எல்லோரும் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிய பின், நான் மட்டும் இருந்து 1970–1989 எண்களைக் கணினியில் பெருக்கி முடித்தேன். பதிவேட்டில் எழுதலாம் என்று எழுந்தால், அது பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் எடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எனக்குக் கை வரவில்லை. சுவரிலிருந்த நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் ‘70–89 பெருக்கியாயிற்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அட்டவணையின் தலைப்பில் இருந்த ‘கார்பன்’ என்ற சொல்லையும் மாற்றவில்லை. மறுநாளே மகள் வர்ஷினியின் பிரசவத்துக்காக மூன்று வார விடுப்பில் போனேன்.

4. 03.10.2025 அன்று காலை திரு. தௌசீஃப் என்னைத் தொலைபேசியில் அழைத்து, பூஜையில் வைத்த பதிவேட்டை எடுக்கலாமா என்று கேட்டார். கேட்காமலே எடுத்திருக்கலாம், விஜயதசமி முந்தின நாளே முடிந்துவிட்டது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வர்ஷினிக்கு வலி எடுத்திருந்த நேரம். பெருக்கி முடித்ததைச் சொல்லத் தோன்றவில்லை. பதிவேட்டில் அந்த வேலை இல்லை. தலைப்பில் ‘கார்பன்’ என்றே இருந்தது. ஆகவே அவர் விதிப்படி அதே இருபது ஆண்டு எண்களை மறுபடியும் பெருக்கினார், விதிப்படி கையெழுத்தும் இட்டார்.

5. இதனால் முதல் இருபது ஆண்டுகளின் எண்கள் ஊதிப்போயின. 1990 முதல் உள்ளவை மூலத்திலேயே கரியமில வாயுவின் எடையாக, சரியாக இருந்ததால், வரைபடம் அந்த ஓர் ஆண்டில் செங்குத்தாக விழுந்தது. உண்மையில், ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக, அரை நூற்றாண்டாக நம் நாட்டின் உமிழ்வு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் விழுந்த கோட்டைப் பார்த்து எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. ‘நாடு கண்ட மாபெரும் சரிவு’ என்று தனி அத்தியாயம் எழுதப்பட்டது. சரிவுக்கு மூன்று காரணங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? மூன்றாவது காரணத்துக்கு மெய்ப்புத் திருத்தியதே நான்தான்.

6. கடந்த மாதம் அச்சுப்படியைப் பார்த்த திரு. தௌசீஃப், பிரிவில் அனைவர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “இன்னா மேடம் இது? தொண்ணூறாம் வருசம் நாட்ல ஒருத்தரும் அடுப்பே பத்த வெக்கலியா? ரெண்டு தபா பெருக்கிட்ட மாதிரி கீது.” பழைய எண்களை 3.67-ஆல் வகுத்து, கோடு சீராக ஏறுவதையும் காட்டினார். அப்போதுதான் அந்த நாட்காட்டித் தாள் எனக்கு நினைவு வந்தது. கைப்பையின் உள் அறையில் அப்படியே இருந்தது. அவர் எழுத்துமூலம் துணை இயக்குநரிடம் முறையிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

7. 27.01.2026 அன்று விசாரணை. திரு. தௌசீஃபுக்கு முன் வேறு யாரேனும் பெருக்கினார்களா என்று என்னிடம் கேட்கப்பட்டது. ‘நினைவில்லை’ என்றேன். பதிவேட்டில் இருந்தது அவருடைய ஒரு கையெழுத்து மட்டுமே. நான் போட்ட விதியையே உரக்கப் படித்தார்கள். பெருக்கல் ஒரு முறைதான் நடந்தது, சரிவு உண்மை, இவர் மையத்தின் பெயரைக் கெடுக்கப் பார்த்தார் என்று முடிவு எழுதப்பட்டது. எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று மாதங்களே உள்ளன. முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. பயந்துவிட்டேன், ஐயா. அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பேத்தி நல்லா கீறாளா மேடம்?”

8. ஆகவே, திரு. தௌசீஃப் அவர்களின் பணிநீக்க ஆணையை வெள்ளிக்கிழமைக்கு முன் ரத்து செய்யவும், அறிக்கை வெளியீட்டை நிறுத்தி அந்த அத்தியாயத்தை நீக்கவும் வேண்டுகிறேன். ஏறும் கோட்டை இறங்குவதாகக் காட்டிவிட்டால், இனி யார் எதைக் குறைக்கப் போகிறார்கள்? இப்புகார் யார்மீது என்றால், விசாரணையில் பொய் சொன்ன என்மீது. உரிய நடவடிக்கை எடுக்கவும்.

9. இன்று காலை அலுவலகம் திறந்ததும் பணிப்பதிவேட்டை எடுத்து, “30.09.2025 – 1970–1989 எண்கள் பெருக்கப்பட்டன – நீரஜா” என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்திட்டேன். எங்கள் விதிப்படி, இனி அது நடந்ததுதான்.

இடம்: சென்னை
நாள்: 16.02.2026

பிழைக்கும் பொய்க்கும் பொறுப்பேற்கும்,
(ஒப்பம்) சு. நீரஜா

இணைப்பு: 30.09.2025 நாட்காட்டித் தாள், அசல். ஓரத்தில் உள்ள குங்குமக் கறை அன்றைய பூஜையினுடையது.

நகல்: திரு. தௌசீஃப், சிந்தாதிரிப்பேட்டை – நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.