தர்ஷினி பார்த்து முடித்த பாடங்கள்

என் உயிரான அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. நல்ல சேதி ஏதாவது வந்தால் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வரவில்லை. இருக்கிற சேதியை எழுதுகிறேன், கோபப்படுவதென்றால் படு.

உன் மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் போகவில்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு ஏழாம் வகுப்பில் அவளால் உட்காரவே முடியவில்லை. ரெண்டாவது பீரியடிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள், மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். திருப்பூரிலிருந்து அத்தான், "ஒனக்குச் சரின்னு படுறதைச் செய்யி தாயி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று முடிவு செய்தது நான்தான். பத்தாவது பாஸ் ஆயிற்றே, அந்தத் திமிர்.

போனில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது அக்கா. ஏழாம் வகுப்புப் புத்தகம் முழுக்கப் பாடம் பாடமாக வீடியோ. பார்த்து முடித்தால் பச்சை டிக் விழும். முதல் ஒரு மாதம் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பின்னக் கணக்கு எனக்கே அவள் சொல்லித்தான் புரிந்தது. வீடியோ வாத்தியார் மாதிரியே, "மாணவச் செல்வங்களே, கவனிச்சீங்களா?" என்று இழுத்துப் பேசிக்காட்டுவாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பிறகு நான் கோவில்பட்டி ஆபீஸுக்கு மறுபடி வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. வீட்டில் இருக்கும் நேரத்திலும் ஏதாவது பார்க்கலாமென்று தீப்பெட்டிக்கு அட்டை மடிக்கிற வேலையும் ஒரு கட்டு வாங்கி வந்தேன். "சும்மாதான இருக்குதேன் சித்தி, நானும் மடிச்சுத் தாரேன்" என்றாள். பிள்ளைக்கு மனசு மாறட்டுமே என்று விட்டேன். ஒரு கட்டு ரெண்டாயிற்று, ரெண்டு நாலாயிற்று. நான் வரும்போது எல்லாம் மடித்து அடுக்கியிருக்கும். போனைப் பார்த்தால் பச்சை டிக்கும் வரிசையாக விழுந்திருக்கும். கெட்டிக்காரி, ரெண்டையும் பார்த்துக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன்.

எனக்குத் தெரியாதா அக்கா? ஒரு பிள்ளைக்கு எத்தனை கண் இருக்கிறது? தெரிந்தும் கேட்காமல் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை மழை. காட்டில் உளுந்து அறுப்புக்கு நிற்கும்போது பெய்கிற பாழாய்ப்போன மழை. தீக்குச்சி காயாது என்று ஆபீஸில் மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், போன் அரிசி டப்பாவில் சாய்ந்திருக்கிறது. வாத்தியார் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். இவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து அட்டை மடிக்கிறாள். வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தட்டிவிட்டு மறுபடி திரும்பிக்கொள்கிறாள்.

"ஏட்டி, இப்ப என்ன பாடம் ஓடுச்சு?"

"அறிவியல் சித்தி."

"அறிவியல்ல என்ன?"

அடுத்த அட்டையை எடுத்து மடித்தாள். சரி, அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். எனக்கே சொல்லிக்கொடுத்த பிள்ளை, பின்னக் கணக்கையே மறந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் அட்டை கீறிய கோடு. அதையும் நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"போதும் எந்திரி. திங்கக்கெழமை பள்ளிக்கூடத்துக்குப் போறோம்."

"நான் போயிட்டா இதை ஆரு மடிப்பா? ஒத்தையில நீங்க எப்படிச் சமாளிப்பீய?"

இதே ஏழாம் வகுப்பில்தான் உன்னை நிறுத்தினார்கள். நீ பெட்டி ஒட்டித்தான் நான் பத்தாவது வரைக்கும் போனேன். ஒரு நாளும் நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்கு யாராவது உன்னிடம், ஒட்டினது போதும் எழுந்திரு என்று சொல்லியிருந்தால் நீயும் இப்படித்தான் கேட்டிருப்பாயோ?

மிச்சக் கட்டுகளை மறுநாளே ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியையையும் போய்ப் பார்த்தேன். "பேரை இன்னும் அடிக்கலம்மா, கூட்டிட்டு வாங்க. ஆனா ரொம்பப் பின்தங்கியிருப்பா" என்றார். இவள் வரமாட்டேன் என்கிறாள். ரெண்டு நாளாக என்மேல் கோபம். வேலையைப் பிடுங்கிவிட்டேனாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளை வேலை போச்சே என்று அழுகிறது அக்கா, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

திங்கட்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். வகுப்பில் அழுதால் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன், எத்தனை நாளானாலும். என்னைத் திட்டட்டும், வெறுக்கட்டும். அழுவதென்றால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அழட்டும். இது உன்மேல் சத்தியம்.

நீ படிக்கவைத்த உன் தங்கச்சி,
மாரி